‘எப்பவாவது நிக்கும்’ மோட்டாரோடு பழைய படகு வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் ஓடும் ஃபைபர் படகுகளையும், அவற்றின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்களையும் மனதில் வைத்து எழுதிய பக்கம் இது. பெரும்பாலும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் 2 ஸ்ட்ரோக் வகை. யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் ஓடும் 15, 25 குதிரைத்திறன் மோட்டார்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பதிவு, மானியம், அவசர எண்கள் பற்றிச் சொல்லியிருப்பது மட்டும் தமிழ்நாட்டுக்கானது.

படகு நன்றாக இருக்கிறது. மோட்டார் மட்டும் எப்போதாவது நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், படகுக்கு மட்டும் விலை கொடுப்பதாக இருந்தால். கடலில் பாரத்தோடு ஓடிக் காட்டும்வரை அந்த மோட்டாரின் மதிப்பு பூஜ்யம் என்றே கணக்கு வையுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடியோடு செத்துப்போன மோட்டாரை யாரும் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. அது கரையில் கிடக்கும், பழுது பார்க்கப்படும், அல்லது உதிரிக்குப் போகும். எப்போதாவது நிற்கும் மோட்டார் அப்படியில்லை. நாலு நாள் ஒழுங்காக ஓடி நம்பிக்கை கொடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் அலை உடையும் இடத்தில் நிற்கும். படகு அலைக்குக் குறுக்காகத் திரும்ப சில நொடிகள் போதும். அதன்பின் கவிழ்வதும் கவிழாததும் நம் கையில் இல்லை.

பாக் நீரிணையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை நடுவில் போகிறது. இன்ஜின் நின்ற படகு நீவாட்டில் (கடல் நீரோட்டத்தில்) இழுபட்டுப் போனால், எல்லை தாண்டியது வேண்டுமென்றா, தெரியாமலா என்று அந்த நேரத்தில் யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் ‘சின்னக் கோளாறுதான் தம்பி’ என்ற பேச்சை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

மோட்டார் ஏன் சில நேரம் மட்டும் நிற்கிறது?

அதைவிடப் பயனுள்ள கேள்வி: எப்போது நிற்கிறது? விற்பவரிடம் மட்டும் கேட்காமல் அவரோடு தொழிலுக்குப் போனவரிடமும் கேளுங்கள். கிளப்பிய சில நிமிடத்திலா, அரை மணி ஓடியபிறகா, வேகம் குறைக்கும்போதா, முழு வேகத்திலா, அலை அடித்துத் தண்ணீர் தெறித்தபிறகா? நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம்.

சில நிமிடம் நன்றாக ஓடி, மெல்ல மூச்சு வாங்கி நிற்கிறது என்றால் முதலில் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள். அதைத் திறக்க மறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். இதற்காகக் காசு கொடுத்து கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. திருகு திறந்திருந்தும் நிற்கிறதா? டேங்கிலிருந்து வரும் குழாயில் உள்ள ரப்பர் பல்பைக் கவனியுங்கள். கையால் அமுக்க அமுக்க அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகாமல் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. குழாய் வெடித்திருக்கலாம், இணைப்பில் உள்ள ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது பல்பு சப்பிப்போய்த் தட்டையானால் டேங்க் பக்கம் அடைப்பு. மோட்டார் சாகப்போகும் நேரத்தில் பல்பை அமுக்கினால் உயிர் வருகிறது என்றால், ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இவை எல்லாமே சின்னச் செலவுகள். கோளாறு இந்த வகை என்று உறுதியானால் மகிழ்ச்சியாக வாங்குங்கள்.

வேகம் குறைத்தால் மட்டும் நிற்கிறது, சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது என்றால் கார்புரேட்டரின் சிறிய ஜெட் (எரிபொருள் வரும் நுண்துளை) அடைபட்டிருக்கிறது. முழு வேகத்தில் மட்டும் தொய்கிறது என்றால் பெரிய ஜெட், ஃபில்டர், பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அரை மணி ஓடியபின் திடீரென்று, விளக்கை அணைத்ததைப் போல நின்று, ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது என்றால் கவலைப்பட வேண்டும். இரண்டில் ஒன்று. சூடானதும் பொறி விடுவதை நிறுத்தும் காயில் அல்லது சிடிஐ (பொறியை நேரத்துக்கு விடவைக்கும் மின்னணுப் பெட்டி). இல்லாவிட்டால் குளிர்ச்சித் தண்ணீர் ஏறாமல் இன்ஜினே காய்ந்துபோகிறது. முதலாவது பணத்தால் தீரும். இரண்டாவது பிஸ்டனையும் சிலிண்டரையும் ஏற்கெனவே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி, நின்ற அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றி, பொறி வருகிறதா என்று சோதிப்பது. ஆறியபின் சோதித்துப் பயனில்லை.

தண்ணீர் தெறித்தபின் நிற்கிறதா? ஒயர் இணைப்புகள் உப்பில் பச்சை பூத்திருக்கும். அவசரத்துக்கு இழுத்து நிறுத்தும் கயிறு மாட்டிய சுவிட்சும் இதே போலத் துருப்பிடித்து, தானாகவே மோட்டாரை அணைக்கும். பலர் பார்க்காத இடம் அது.

‘கார்புரேட்டரைக் கழுவினால் போதும், அண்ணே’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

உண்மையாகவே சில நேரம் அது மட்டும்தான் கோளாறு. மாதக்கணக்கில் கிடந்த எரிபொருள் உள்ளே பிசினாகப் படிந்து ஜெட்டை அடைக்கும். ஆனால் கழுவுவது ஒரு மதிய நேரத்து வேலை. அது மட்டும்தான் குறை என்றால் அவரே ஏன் கழுவி, ஓட்டிக் காட்டி, நல்ல விலைக்கு விற்கவில்லை? இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். ‘கழுவி வையுங்க, ஓட்டிப் பார்த்துட்டு வாங்கிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிறாரா, நழுவுகிறாரா என்பதிலேயே பதில் இருக்கிறது.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் பழைய மோட்டாருக்கு ஆகாது என்கிறார்களே?

அதில் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் 2025-இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டுவிட்டது. பெரிய அவுட்போர்டு நிறுவனங்களின் கையேடுகள் பொதுவாக 10 சதவீதம் வரைதான் எத்தனாலை அனுமதிக்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். கடலோரத்தில், பாதி காலியான டேங்கில், இது வேகமாக நடக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரமையும் எத்தனால் மெல்லத் தின்னும். கரைந்த துகள் ஜெட்டில் போய் நிற்கும்.

மண்ணெண்ணெய் மோட்டாருக்குப் பெட்ரோல் கிளப்பவும் அணைக்கவும் மட்டுமே தேவை. அதனால் சின்ன டேங்கில் பழைய பெட்ரோல் மாதக்கணக்கில் கிடப்பது அங்கேதான் அதிகம். படகு பார்க்கப் போகும்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த டேங்கின் அடியிலிருந்து எடுத்து, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் காரணங்களில் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. வாங்கியபின், வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

கரையில் வைத்தே என்னவெல்லாம் பார்க்க முடியும்?

சொல்லிவைத்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போங்கள். போனதும் மோட்டார் மூடியின் கீழ், சிலிண்டர் தலையில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சோதனை வேண்டாம். குளிர்ந்த மோட்டாரைக் கிளப்புவதுதான் உண்மையான தேர்வு, அதுவும் மண்ணெண்ணெய் மோட்டாருக்கு.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். திருப்பாமல் அணைத்தால் மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போகும். ‘காலையில கிளம்பவே மாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி இந்தப் பழக்கக் குறைதான். விற்பவர் எப்படி அணைக்கிறார் என்று பாருங்கள். அவர் திருப்பாமல் அணைத்தால் உங்களுக்கு நல்ல செய்தி, மோட்டார் கெட்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் தலையில் பெயின்ட் கொப்பளித்தோ கருகியோ இருந்தால் எப்போதோ அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பழைய மோட்டாரில் கீழ்க்கால் (கியரும் விசிறியும் உள்ள, தண்ணீருக்குள் நிற்கும் பகுதி) மட்டும் புதுப் பெயின்டில் பளபளத்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். கீழே மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதுதான் அதன் வேலை. அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ, முழுதாகக் கரைந்து மாற்றப்படாமல் இருந்தாலோ, அந்த மோட்டாரைப் பராமரித்தவருக்கு அடிப்படையே தெரியவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. வெளுத்துப்போயிருந்தால் எரிபொருள் போதாமல் சூட்டில் ஓடியிருக்கிறது. இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் பழுப்பாகவும் மற்றது எண்ணெய் வடிய ஈரமாகவும் இருந்தால் ஒரு சிலிண்டர்தான் வேலை செய்கிறது. மண்ணெண்ணெயில் பிளக் கொஞ்சம் கரிபிடிப்பது இயல்பு, அதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

பேச்சுவாக்கில் இன்னொன்றையும் கேளுங்கள்: ‘எந்த ஆயில், எவ்வளவு கலப்பீங்க?’ அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 தர ஆயில் வேண்டும். பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது அல்ல. 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. மண்ணெண்ணெய் மோட்டாருக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் மாடல்கள் உண்டு, கையேட்டில் இருக்கும். ‘கண் மதிப்புல ஊத்துவோம்’ என்ற பதில் வந்தால் உள்ளே கோடு விழுந்த சிலிண்டரை எதிர்பாருங்கள்.

கம்ப்ரஷன் சோதனை அவசியமா?

அவசியம். சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்பதை அது காட்டும். மெக்கானிக்கிடம் கேஜ் இருக்கும். பிளக் துளையில் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, கயிற்றைச் சில முறை இழுக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஒன்று 110, மற்றது 80 என்றால் ரிங்கோ கேஸ்கட்டோ போயிருக்கிறது. மண்ணெண்ணெய் மோட்டாரைக் குறைந்த கம்ப்ரஷனில்தான் வடிவமைப்பார்கள். பெட்ரோல் மோட்டாரின் எண்ணோடு ஒப்பிட்டு நல்ல மோட்டாரைத் தள்ளிவிடாதீர்கள்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டினார்கள். அது போதாதா?

போதாது. டிரம்மில் மோட்டாருக்குப் பாரம் இல்லை. கிளம்புகிறதா, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதை மட்டும் அங்கே பார்க்கலாம். பின்னால் ஊசித்துளையிலிருந்து வரும் தண்ணீர் தாரை நிலையாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. தாரை வராவிட்டால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். மணலோ உப்போ அடைத்திருந்தால் அதோடு தீர்ந்தது. அப்படியும் வராவிட்டால் உள்ளே தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்ற வேண்டிய பொருள் அது. தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் கருகிவிடும். ‘சும்மா சத்தம் மட்டும் கேளுங்க’ என்று வறண்ட மோட்டாரைக் கிளப்ப யாரையும் விடாதீர்கள்.

கடலில் எப்படிச் சோதிப்பது?

குறைந்தது ஒரு மணி நேரம். விற்பவரும் கூட வரவேண்டும். அவர் வரத் தயங்கினால் எனக்கு அதுவே போதுமான தகவல். துடுப்பு, நங்கூரம், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் போக வேண்டாம். தொழிலுக்குப் போகும்போது இருக்கும் பாரத்தை ஒட்டி ஆளோ வலையோ ஏற்றிக்கொள்ளுங்கள். காலிப் படகில் எல்லா மோட்டாரும் நன்றாகத்தான் ஓடும்.

முதல் பத்து நிமிடம் மெதுவாக. பின்பு முழு வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். சூட்டில் நிற்கும் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இங்கே தலைகாட்டும். பிளக் ஒயரில் சுற்றிக்கொள்ளும், இன்ஜின் சுற்றை எண்ணும் சின்ன டேக்கோமீட்டர் மெக்கானிக்கிடம் இருந்தால் வாங்கி வாருங்கள். எத்தனை சுற்று வேகம் வரவேண்டும் என்று மோட்டாரின் கையேட்டில் இருக்கும். அதை எட்டவே இல்லை என்றால் இன்ஜின் களைத்திருக்கிறது, அல்லது விசிறி (புரொப்பெல்லர்) பொருந்தவில்லை. மாறாக இன்ஜின் இரைகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது.

அதன்பின் திடீரென்று வேகத்தைக் குறைத்து, கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். நிற்கிறதா? முன்னும் பின்னும் கியர் போட்டுப் பாருங்கள். கடகடவென்று தட்டிவிட்டு விழுந்தால் கியரின் பல் தேய்ந்திருக்கிறது. பிறகு மோட்டாரை அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி கிளப்புங்கள். சூடாக இருக்கும்போது கிளம்ப மறுப்பதும் ஒரு நோய். கடைசியாக, நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எத்தனை இழுப்பு என்று எண்ணுங்கள். நான்கைந்துக்கு மேல் போகக் கூடாது.

இந்த ஒரு மணியில் ஒருமுறை நின்றாலும் அது நிற்கும் மோட்டார்தான். விலை அதற்கேற்பப் பேசப்பட வேண்டும்.

கீழ்க்காலில் என்ன பார்க்க வேண்டும்?

மோட்டாரை ஒரு இரவு நிமிர்த்தி வைத்துவிட்டு, காலையில் கீழே உள்ள கியர் ஆயில் திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், அதுவே முதலில் சொட்டும். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தாலும் தண்ணீர் புகுந்திருக்கிறது என்றே அர்த்தம். பெரும்பாலான நேரம் காரணம் விசிறிக்குப் பின்னால் இருக்கும். அறுந்த தங்கூஸ் (நைலான்) நரம்பு தண்டில் சுற்றி, ஆயில் சீலை அறுத்துவிடும். நம் கடலில் அறுந்த நரம்புக்குப் பஞ்சமில்லை. விசிறியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சீல் மட்டும் என்றால் சின்ன வேலை. திருகில் இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் கியரே போய்க்கொண்டிருக்கிறது. மாவுபோல நுண்ணிய தூள் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

கடலில் மூழ்கிய மோட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூடிக்குள், சாதாரணமாகத் தண்ணீர் எட்டாத இடங்களில் பாருங்கள். ஃபிளைவீலுக்குக் கீழே, காயில் திருகுகளின் பின்னால், ஒயர் உறைக்குள். வெள்ளை உப்புப் பொடியோ மணலோ இருந்தால் மூழ்கியது உறுதி.

மூழ்கியதாலேயே தள்ள வேண்டியதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. எடுத்த உடனே நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஆயில் விட்டு, அன்றே கிளப்பி ஓட்டியிருந்தால் பிழைத்திருக்கும். அன்றே முடியாவிட்டால் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தி வைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் சரி. காற்றுப் பட்ட பிறகுதான் அரிப்பு வேகமெடுக்கும். வெயிலில் காயவைத்து ‘காய்ஞ்சதும் பார்த்துக்கலாம்’ என்று இரண்டு நாள் விட்டிருந்தால் பேரிங் எல்லாம் துருப்பிடித்திருக்கும். அதை வாங்க வேண்டாம்.

படகில் பார்க்க வேண்டியது என்ன? நான் மோட்டாரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டாரை மாற்றலாம், படகை மாற்ற முடியாது. ஆகவே மோட்டார் தொங்கும் பின்பலகையில் தொடங்குங்கள். வெளியே ஃபைபர், உள்ளே மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மட்கிப்போகும். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்த நிலையில் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பிராக்கெட் பலகையோடு சேரும் இடத்தை இன்னொருவர் கவனிக்கட்டும். பலகை மூச்சு விடுவதுபோல அசைந்தால் உள்ளே மட்கிவிட்டது. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: நல்ல இடம் கணீரென்று கேட்கும், மட்கிய இடம் சொத்தென்று கேட்கும். மட்கிய பலகையில் புது மோட்டாரை மாட்டினால் ஒருநாள் மோட்டாரோடு பலகையும் கடலுக்குள் போகும்.

அடுத்து அடிப்பக்கம். மணலில் ஏற்றி இறக்கும் படகுக்கு ஏராதான் (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) முதலில் தேயும். உள்ளிருக்கும் நார்ப்பாய் வெளியே தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கிறது. படகு மிதக்கும்போது வழக்கத்தைவிடத் தாழ்ந்து தெரிந்தாலோ, கரையேற்ற எப்போதும் வரும் ஆட்கள் போதாமல் போனாலோ, ஊறிய தண்ணீரின் எடைதான். மேல்பூச்சில் தலைமுடிபோன்ற விரிசல்கள் பழைய படகில் சகஜம். விரிசலை அழுத்தினால் இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால்தான் ஆபத்து.

2004 சுனாமிக்குப் பின் குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டப்பட்டு வழங்கப்பட்டன. எல்லாம் ஒரே தரமல்ல. நல்ல பட்டறையில் கட்டியவை இன்றும் தொழில் செய்கின்றன. அவசரத்தில் அடுக்குக் குறைத்துக் கட்டியவையும் இருந்தன. அந்த வயதுப் படகு என்றால் ஊரில் ஃபைபர் வேலை பார்ப்பவரையோ ஓடாவியையோ (படகு கட்டும் தச்சரையோ) அழைத்துப் போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

விலையை எப்படிப் பேசுவது?

இரண்டு விலை சொல்லுங்கள். ‘மோட்டாரைக் கழற்றிக்கிட்டு படகை மட்டும் கொடுத்தா இவ்வளவு. கடல்ல ஒரு மணி நேரம் ஓடிக் காட்டினா இவ்வளவு.’ மோட்டாரில் நம்பிக்கை உள்ளவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார். நம்பிக்கை இல்லாதவர் நடுவில் ஒரு விலை கேட்பார், அந்த நடுவிலைக்குப் போகாதீர்கள். அங்கேதான் பலருடைய பணம் போகிறது.

கோளாறு தெரிந்தே வாங்குவதென்றால், மெக்கானிக் சொன்ன செலவை மட்டும் கழிக்காதீர்கள். பழுது பார்க்கும் நாட்களில் தொழில் இல்லை, கூடத் தொழிலுக்கு வரும் பங்காளிகளுக்கும் வருமானம் இல்லை. அதையும் சேர்த்துக் கழியுங்கள்.

என்ன தாள்கள் கேட்க வேண்டும்?

படகின் பதிவுச் சான்று, அணியத்தின் (முன்பகுதியின்) இரு பக்கமும் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மீன்பிடிப் படகுப் பதிவு இப்போது ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக நடக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு விற்பவரையும் கையோடு அழைத்துப் போங்கள். மானிய மண்ணெண்ணெய் பதிவை ஒட்டியே கிடைப்பது. பெயர் மாறாமல் படகை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்காக ஒவ்வொரு முறையும் பழைய உரிமையாளரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மோட்டாருக்குத் தனி ரசீது கேளுங்கள். பிராக்கெட்டில் உள்ள தகட்டு எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகுங்கள், இன்னொரு மீனவரின் வயிற்றில் அடித்து வந்த பொருளாக இருக்கலாம். மானியத்தில் வாங்கிய மோட்டார் என்றால் அதை விற்க நிபந்தனை இருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கத்திலோ வங்கியிலோ படகின் மேல் கடன் நிற்கிறதா என்பதையும்.

பழுது பார்ப்பதா, வேறு மோட்டார் வாங்குவதா?

எரிபொருள், பொறி, இம்பெல்லர், சீல் வரை என்றால் பழுது பாருங்கள். கம்ப்ரஷன் போய், கியரும் போயிருந்தால் அந்த மோட்டாரை விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் நிலைமைகளில் முடிவு செய்வது உதிரி கிடைக்கிறதா என்பதுதான். எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது, ஜான்சன் அதற்கும் முன்பே நின்றுபோனது. உங்கள் துறைமுகத்தில் எல்லோரும் எந்த மோட்டார் வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம். நடுக்கடலில் பக்கத்துப் படகுக்காரரின் பிளக்கும் விசிறியைப் பூட்டும் பின்னும் உங்களுக்குப் பொருந்தும்.

வேறு மோட்டார் வாங்கும்போது காலின் நீளத்தை மறந்துவிடாதீர்கள். 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உயரத்தோடு அது பொருந்த வேண்டும். விசிறிக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். குட்டைக் கால் மோட்டார் உயரப் படகில் காற்றைத்தான் கடையும்.

4 ஸ்ட்ரோக் மோட்டார் எரிபொருளை மிச்சப்படுத்தும், புகை இல்லை. ஆனால் 15 குதிரைத்திறனில் 2 ஸ்ட்ரோக் 40 கிலோவுக்குள் அடங்கும். 4 ஸ்ட்ரோக் 50 கிலோவை ஒட்டி வரும். தினமும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் கரையில் அந்த வித்தியாசம் பெரிது.

வாங்கிவிட்டேன். மோட்டார் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. எப்படிக் கடலுக்குப் போவது?

தனியாகப் போகாதீர்கள். முதல் சில வாரம் இன்னொரு படகோடு சேர்ந்து, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தொழில் செய்யுங்கள். துடுப்பு இரண்டு, ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு கயிற்றோடு நங்கூரம், நெகிழிப் பையில் சுற்றிய போன், ஜிபிஎஸ். ஒரு டப்பாவில் புது பிளக், பிளக் ஸ்பேனர், மோட்டாரைக் கிளப்ப அவசரக் கயிறு, விசிறியைப் பூட்டும் பின், ரப்பர் பல்போடு கூடிய குழாய், ஒரு லிட்டர் நல்ல பெட்ரோல்.

மோட்டார் நின்றால் முதல் வேலை மூடியைத் திறப்பது அல்ல, நங்கூரம் போடுவது. படகு ஓரிடத்தில் நின்றபிறகு காற்றுத் திருகு, பல்பு, அணைக்கும் சுவிட்ச், பிளக் என்ற வரிசையில் பாருங்கள். கிளம்பவில்லை, நங்கூரமும் பிடிக்கவில்லை என்றால் இருட்டும்வரை காத்திருக்காமல் கடலோரக் காவல்படையை 1554-இல் அழையுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. ஜிபிஎஸ் காட்டும் இடத்தைச் சொல்லத் தயாராக வைத்திருங்கள்.

தினமும் மோட்டாரை நல்ல தண்ணீரில் அலச வேண்டுமா? எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை.

அலச வேண்டும், பாதி டிரம் போதும். மோட்டாரின் காலை டிரம்மில் இறக்கி ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் உள்ளே இருக்கும் உப்பு போய்விடும். அதே தண்ணீரை இரண்டு மூன்று நாள் பயன்படுத்தலாம், நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொள்ளலாம். வாயில் வைத்துப் பார்த்துக் கரித்தால் மாற்றிவிடுங்கள்.